நூற்று இருபத்து நான்கில் ஒரு பங்கு

சிவனுக்கோ திருமாலுக்கோ கருங்கல்லில் ஒரு திருமேனி செய்ய வேண்டும். கல் வந்து இறங்கிவிட்டது. உருவம் 1200 மில்லிமீட்டர் உயரம் வரும் என்று முடிவாகிறது. உளியை எடுக்கும் முன் சிற்பிக்கு ஒரு வகுத்தல் கணக்கு இருக்கிறது. உச்சி முதல் உள்ளங்கால் வரையுள்ள உயரத்தை அவர் 124 சமபங்காக்குகிறார். ஒரு பங்கின் பெயர் அங்குலம். தையற்கடை டேப்பில் இருக்கும் அங்குலத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. இது இந்த ஒரு சிலைக்கு மட்டும் செல்லும்; பக்கத்தில் கிடக்கும் வேறு கல்லுக்கு வேறு அங்குலம். சிற்ப நூல்கள் இதைத் தேகலப்த அங்குலம் என்கின்றன. எட்டு யவை (பார்லி மணியின் அகலம்) சேர்ந்தது என்று நிலையாக வரையறுத்த மானாங்குலமும் அதே நூல்களில் உண்டு. அது கட்டடத்துக்கு, நிலத்துக்கு. உருவத்துக்கு உருவத்திலிருந்தே பிறக்கும் அளவுதான்.

உத்தம தசதாளம் என்ற இந்த முறையில் பங்கீடு இப்படிப் போகிறது: உச்சியிலிருந்து நெற்றியின் மயிர்க்கோடு வரை 4 அங்குலம். முகம் பதின்மூன்றரை. கழுத்து 4. கழுத்தடியிலிருந்து மார்பு பதின்மூன்றரை, அங்கிருந்து கொப்பூழ் பதின்மூன்றரை, கொப்பூழிலிருந்து உடலின் அடி பதின்மூன்றரை. தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், 124 வரும். நூலுக்கு நூல் சில யவை முன்பின் மாறும். ஆனால் கட்டமைப்பு மாறாது. முகத்தின் அளவே மார்புக்கும் வயிற்றுக்கும். தொடை அதில் சரியாக இரட்டிப்பு. உடல் முடிந்து கால் தொடங்கும் இடம் 62, மொத்த உயரத்தின் நேர்பாதி. தேவியர்க்கு மத்திம தசதாளம், 120 பங்கு. பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிய ஊர்த்துவ தாண்டவரும் இருக்கிறார், தூணின் மேற்பகுதியில் கையகல உருவங்களும் இருக்கின்றன. சிறியது பெரியதன் சுருக்கமாகத் தெரியாமல் தானே முழுமையாக நிற்பதற்கு இப்படிப்பட்ட பங்குக்கணக்கு வேண்டும்.

மயமதம், மானசாரம் போன்ற நூல்களைச் செய்தவர்களின் நிலைமையை எண்ணிப் பார்த்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எந்தக் கல், எந்த ஊர், எத்தனை அடி உயரம் என்று எதுவும் தெரியாமல், பல நூற்றாண்டு கழித்து ஒருவர் செதுக்கப்போகும் சிலையின் மூக்கு நீளத்தை அவர்கள் சொல்லியாக வேண்டும். மில்லிமீட்டரில் சொல்ல வழியே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் பங்கில் சொன்னார்கள்.

இணையப் பக்கத்தை வடிவமைப்பவரின் நிலைமையும் இதுவே. இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் உட்கார்ந்து ஒருவர் எழுதும் பக்கத்தை, மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவர் உள்ளங்கையகலத் திரையில் திறப்பார். இன்னொருவர் மேசைமேல் இருக்கும் பெரிய மானிட்டரில் திறப்பார். கண்பார்வை குறைந்த மூன்றாமவர் எழுத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டு படிப்பார். கல்லின் உயரம் எழுதுகிறவருக்குத் தெரியாது. இந்த அத்தியாயம் அந்த அறியாமையை எண்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பதைப் பற்றியது.

பெற்றோரைப் பார்த்து வளரும் அலகு

இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதிவைக்கும் சி.எஸ்.எஸ். மொழியை ஹோகுன் வியூம் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு தரநிலையானது. அந்த முதல் பதிப்பிலேயே ‘எம்’ என்ற அலகு இருந்தது. அச்சுக்கோப்பவர்களிடமிருந்து வந்த அலகு அது: அந்த இடத்தில் எழுத்தின் அளவு எவ்வளவோ அதுதான் ஓர் எம். எழுத்து 16 பிக்சல் என்றால் ஓர் எம் 16 பிக்சல்; எழுத்து 20 ஆனால் அதுவும் 20. தேகலப்த அங்குலத்துக்கு நேர் உறவு.

ஆனால் சிலைக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கே உண்டு. இணையப் பக்கத்தில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று அடுக்கு இருக்கும். எழுத்தளவையே எம்மில் சொன்னால், ஒவ்வொரு பெட்டியும் தன்னை உள்ளடக்கிய பெட்டியைப் பார்த்துத் தன் அளவைக் கணக்கிடும். ‘என் எழுத்து 0.8 எம்’ என்று ஒரு விதி இருந்து, அப்படிப்பட்ட மூன்று பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று அமைந்துவிட்டால், 16 பிக்சல் முதலில் 12.8 ஆகும், பிறகு 10.24, பிறகு 8.192. ரோமன் எழுத்தை எட்டு பிக்சலில் எப்படியாவது படித்துவிடலாம். நம் ஞகரமும் ணகரமும் இகரமும் அந்த அளவில் வெறும் கரும்புள்ளி. தமிழ்ப் பக்கங்களில் பின்னூட்டத்துக்குள் பின்னூட்டம் படிக்கமுடியாமல் சுருங்கிப்போனதற்குப் பல இடங்களில் இந்தப் பெருக்கல்தான் காரணம்.

இதற்கு மாற்றாகப் பிறகு வந்தது ‘ரெம்’. இடையில் எத்தனை பெட்டி இருந்தாலும் இது பக்கத்தின் வேரில் உள்ள எழுத்தளவை மட்டும் பார்க்கும். ஸ்தபதிகளிடமும் இந்த இரண்டு போக்கும் உண்டு. மூலவரின் உயரத்தைக் கருவறையின் அகலத்திலிருந்தோ வாசலின் உயரத்திலிருந்தோ எடுப்பது ஒன்று. அப்படிக் கிடைத்த உயரத்திலிருந்து மூக்கையும் விரலையும் எடுப்பது மற்றொன்று. எதை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் தொழில்தெளிவு இருக்கிறது. என் கருத்தில், எழுத்தளவு எப்போதும் ரெம்மில் இருக்க வேண்டும். எழுத்தைச் சுற்றியுள்ள இடைவெளி எம்மில் இருக்க வேண்டும். எழுத்து பெரிதானால் அதைச் சுற்றிய மூச்சுவிடும் இடமும் கூடவே பெரிதாகும், ஆனால் பரம்பரைச் சுருக்கம் நேராது.

சி.எஸ்.எஸ். நெடுநாள் கணக்குப் போடத் தெரியாத மொழியாக இருந்தது. ஒரே நிறத்தையும் ஒரே அளவையும் நூறு இடத்தில் கையால் எழுத வேண்டும். அந்தச் சலிப்பிலிருந்து பிறந்தவைதாம் ப்ரீபிராசசர்கள். ஹாம்ப்டன் கேட்லின் வடிவமைத்து நட்டலி வைசன்பாம் வளர்த்தெடுத்த சாஸ் 2006இல் வந்தது. லெஸ் போன்றவை பின்தொடர்ந்தன. மாறிகளும் கூட்டல் கழித்தலும் கொண்ட ஒரு கோப்பை நீங்கள் எழுதுவீர்கள். சாஸ் அதைக் கணக்கிட்டு முடித்து, பிரவுசருக்குப் புரியும் வெறும் சி.எஸ்.எஸ். ஆக மாற்றித்தரும். இது நடப்பது எழுதுகிறவரின் கணினியில், வாசகர் பக்கத்தைத் திறப்பதற்கு வெகு முன்னால்.

அதனால் சாஸ் சில கணக்குகளைச் செய்யும், சிலவற்றை மறுக்கும். ஓர் அங்குலத்தோடு 2.54 சென்டிமீட்டரைக் கூட்டச் சொன்னால் தயங்காமல் 2 அங்குலம் என்று தரும். 10 பிக்சலோடு 2 எம்மைக் கூட்டச் சொன்னால் பிழை என்று நின்றுவிடும். எம்மின் மதிப்பு வாசகரின் திரையில்தான் பிறக்கப்போகிறது. பிறக்காததைக் கூட்ட முடியாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இந்த மறுப்பு எரிச்சலாக இருக்கும். எனக்கு இது சாஸின் மிக நேர்மையான பண்பாகத் தோன்றுகிறது. தனக்குத் தெரியாத கல்லின் உயரத்தை அது ஊகிப்பதில்லை.

பத்தொன்பதா, இருபதா?

1200ஐ 124ஆல் வகுத்தால் 9.677419 என்று தொடங்கி நீண்டுகொண்டே போகும். ‘ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தானே’ என்று ஒருவர் முழுமைப்படுத்திக்கொண்டு அடையாளம் போட ஆரம்பித்தால், 124 பங்கு 1240 மில்லிமீட்டர் ஆகும். பாதம் வைக்க நாலு சென்டிமீட்டர் கல் இருக்காது. 9.7 என்று வைத்தால் மிகை 2.8 மில்லிமீட்டர். 9.68 என்றால் 0.32, உளியின் முனைக்கு அது பொருட்டில்லை. ஒரே ஓர் அங்குலத்தை மட்டும் அளக்கவேண்டியிருந்தால் 9.7 தாராளமாகப் போதும். அந்த எண்ணை 124 முறை அடுக்கப்போகிறோம் என்பதால்தான் போதவில்லை. ஓர் எண்ணுக்கு எத்தனை இலக்கம் தேவை என்பதை அந்த எண்ணைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அது இனி எத்தனை பெருக்கலைக் கடக்கவேண்டும் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இணைய வடிவமைப்பில் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. 2013 ஆகஸ்டில் வெளியான பூட்ஸ்ட்ராப் 3, உலகெங்கும் கணக்கற்ற தளங்களைத் தாங்கிய ஒரு வடிவமைப்புத் தொகுப்பு. அதில் அடிப்படை எழுத்து 14 பிக்சல், வரி உயரம் 20 பிக்சல் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். வரி உயரத்தை எழுத்தின் மடங்காகச் சொல்வதுதான் நல்ல பழக்கம். ஆகவே 20ஐ 14ஆல் வகுத்து 1.428571429 என்று எழுதினார்கள். பிறகு பெட்டிகளின் உயரத்துக்காக அதே எண்ணை மீண்டும் 14ஆல் பெருக்கி, தசமப் பகுதியை வெட்டியெறிந்து முழு எண்ணை மட்டும் எடுத்தார்கள்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 1.428571429ஐ 14ஆல் பெருக்கினால் 20.000000006. வெட்டினால் 20. சரி. ஆனால் சாஸின் பழைய பதிப்புகளில் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம்தான் இயல்பிருப்பாக வெளிவரும். 1.42857 என்று சுருங்கிப்போன எண்ணை 14ஆல் பெருக்கினால் 19.99998. அதை வெட்டினால் 19. இலட்சத்தில் இரண்டு பங்குப் பிழை, வெட்டும் ஒரு கணத்தில் முழுதாக ஒரு பிக்சல் ஆகிவிடுகிறது. பூட்ஸ்ட்ராப்பின் சாஸ் வடிவத்தைப் பயன்படுத்துகிறவர்கள் குறைந்தது 8 இலக்க நுணுக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

இலக்கம் கூடினால் மட்டும் போதாது என்பதும் இதே எண்ணில் தெரிகிறது. 10ஐ 7ஆல் வகுத்தால் வருவது 1.428571428571 என்று முடிவில்லாமல் சுழலும் எண். ஒன்பதாவது இலக்கம் உண்மையில் 8. அடுத்து வருவது 5 என்பதால் மேல்நோக்கி முழுமைப்படுத்தி 9 ஆக்கினார்கள். அப்படிச் செய்யாமல் 1.428571428 என்று நிறுத்தியிருந்தால் பெருக்கல் 19.999999992 ஆகி, மறுபடியும் 19இல் விழுந்திருக்கும். ஒன்பது இலக்கம் வைத்தும் தப்பியிருக்க முடியாது. கடைசி இலக்கம் எந்தத் திசையில் சாய்ந்தது என்பதே இங்கு தீர்ப்பாகிறது.

பக்கத்தை ஆறு சம நெடுவரிசையாகப் பிரிப்பதும் இப்படித்தான். 100ஐ 6ஆல் வகுத்து 16.67% என்று எழுதினால் ஆறும் சேர்ந்து 100.02%. 1170 பிக்சல் அகலமான இடத்தில் கால் பிக்சலுக்கும் குறைவான மிகை. ஆனால் இடமிருந்து வலமாக ஒட்டி நிற்கும் பழைய அமைப்பில் இடம் போதாது என்றால் ஆறாவது நெடுவரிசை அப்படியே அடுத்த வரிசைக்கு இறங்கிவிடும். பக்கம் முழுவதும் குலையும். இதே எண்ணை 16.66667% என்று எழுதினால் மிகை இருந்தும் ஒன்றும் ஆகாது. குரோம், சஃபாரி குடும்பப் பிரவுசர்கள் ஒரு பிக்சலை 64 கூறாக்கி, அதற்குக் கீழே உள்ள துணுக்கை விட்டுவிடுகின்றன. இந்த மிகை அந்தத் துணுக்கிலும் சிறியது. ஃபயர்ஃபாக்ஸ் பிக்சலை 60 கூறாக்குகிறது. கணினிக்கு 64 எளிது, இரண்டால் வகுத்துக்கொண்டே போகலாம். ஆனால் 60ஐ மூன்றாலும் ஐந்தாலும் வகுக்கலாம் என்பதால் என் மனம் 60 பக்கம்தான் சாய்கிறது.

கீழ்வாய் இலக்கமும் மூன்றில் ஒன்றும்

எத்தனையாகக் கூறுபோடுவது என்ற கேள்விக்கு நம் முன்னோர் கொடுத்த விடை 320. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு: ஒன்றில் 320இல் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி, பதினாறு முந்திரி ஒரு மா, இருபது முந்திரி மாகாணி. நாற்பது அரைக்கால், எண்பது கால். முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி, ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே மறுபடியும் ‘கீழ்’ சேர்த்துக்கொண்டே போகலாம்.

320 என்பது 64ஐ ஐந்தால் பெருக்கியது. அதாவது குரோமின் அறுபத்து நான்கில் ஓர் ஐந்தைச் சேர்த்தால் நம் முந்திரி. அந்த ஓர் ஐந்து செய்யும் வேலை பெரியது. பத்தில் ஒன்றைக் கணினியின் இரும எண்முறையால் துல்லியமாக எழுத முடியாது, 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் பல கணினி மொழிகள் 0.30000000000000004 என்று காட்டுவது அதனால்தான். கீழ்வாய் இலக்கத்தில் பத்தில் ஒன்று இருமா, சரியாக 32 முந்திரி, மிச்சமில்லை. ஆனால் மூன்றில் ஒன்று மட்டும் இதற்கும் அகப்படாது. 106 முந்திரி போக மிச்சம் இருக்கும். அதைக் கீழ்முந்திரியில் எழுதினால் 213 போக மிச்சம். அதற்கும் கீழே போனால் மறுபடியும் 106, மறுபடியும் 213. சாஸ் 0.3333333333 என்று எழுதி நிறுத்துகிற அதே இடத்தில் நம் கணக்கர்களும் நிறுத்தியாக வேண்டியிருந்தது. கீழ்முந்திரியோடு நிறுத்தினால் பிழை 3,07,200இல் ஒரு பங்கு.

எங்கே நிறுத்தினார்கள் என்பதுதான் சுவையான செய்தி. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. ஊரின் மொத்தப் பரப்பைச் சொல்லி, ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு என்று வரி கட்டாத நிலங்களைக் கழித்து, மிச்சத்தைச் சொல்வார்கள். அந்த மிச்சம் ஒரு வேலியில் 52,42,88,00,000இல் ஒரு பங்கு வரைக்கும் போகிறது. 320ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கினால் வரும் எண். ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அப்படியானால் இந்தத் துண்டு சுமார் அரைச் சதுர மில்லிமீட்டர். அதன்மேல் ஒரு நெல்மணியை வைக்க முடியாது.

அந்த அளவுக்கு நிலத்தை அளந்தார்கள் என்று பெருமையோடு எழுதுகிறவர்கள் உண்டு. கோலைக் கொண்டு சேற்றில் அரைச் சதுர மில்லிமீட்டரை யாரும் அளக்க முடியாது. அங்கே நடந்தது அதைவிட மேலானது என்று நான் நினைக்கிறேன். நீளத்தையும் அகலத்தையும் கோலால் அளந்தபின், பெருக்கலிலும் கழித்தலிலும் பிறந்த பின்னங்களை எந்தக் கணக்கரும் நடுவழியில் தள்ளிவிடவில்லை. கழிக்கவேண்டிய எல்லாவற்றையும் கழித்து முடிக்கும்வரை மிச்சத்தைக் கூடவே எடுத்துச்சென்றார்கள். இன்றைய சாஸ் செய்வதும் அதுவே. எண்ணைத் தனக்குள் முழு நீளத்தில் வைத்துக்கொண்டு கணக்கை முடிக்கிறது. வெளியே எழுதும்போதும் இரண்டு எண்களை ஒப்பிடும்போதும் மட்டுமே தசமத்துக்குப் பின் பத்து இலக்கமாகச் சுருக்குகிறது. பழைய ஐந்திலிருந்து பத்துக்கு அது வந்துசேர்ந்த வழியில் பூட்ஸ்ட்ராப் போன்ற அனுபவங்களுக்குப் பங்கு உண்டு என்று கொள்வது தவறாகாது.

எந்தக் கோல் என்று சொல்லும் வழக்கமும் கல்வெட்டுகளில் உறுதியாக இருந்தது. பாண்டிய நாட்டில் சுந்தரபாண்டியன் கோல் என்றே ஒரு கோல் வழங்கியது. கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டிவைத்த ஊர்களும் உண்டு. ரெம்மின் வேர் எழுத்தளவைப் பக்கத்தின் தலையில் அறிவித்துவைப்பதும் அதே பொறுப்புணர்ச்சிதான். அடிப்படை எது என்று பொதுவில் எழுதாத விகிதம் யாருக்கும் பயன்படாது.

இதற்கிடையே ஒரு மகிழ்ச்சியான செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. 2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12இல் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கென்று தனித் தொகுதி சேர்ந்தது. முந்திரி முதல் முக்கால் வரை அதில் இருக்கின்றன. ‘கீழ்’ என்று ஒரு படி இறக்கும் குறியும் இருக்கிறது. ஓலையில் இருந்த முந்திரியை இன்று இணையப் பக்கத்தில் எழுதலாம், அதன் உயரத்தை ரெம்மில் சொல்லலாம்.

வகுத்தலை வகுத்தலாகவே எழுதிவைக்கவும் இன்று வழி இருக்கிறது. 1.428571429 என்று எழுதுவதற்குப் பதில் ‘20 வகுத்தல் 14’ என்றே சாஸில் எழுதலாம். எந்த இரண்டு எண்களிலிருந்து இது வந்தது என்று அடுத்து வருகிறவருக்கும் தெரியும். பிரவுசரையே கணக்குப்போடச் சொல்லும் வசதியும் சி.எஸ்.எஸ். மொழிக்குள் வந்துவிட்டது. 2017 மார்ச்சிலிருந்து பிரவுசர்களில் பரவிய கிரிட் அமைப்பில் ‘பங்கு’ என்றே ஓர் அலகு இருக்கிறது. 4 பங்கு, 13.5 பங்கு, 4 பங்கு என்று பத்து வரிசை எழுதி உத்தம தசதாளத்தை அப்படியே திரையில் நிறுத்தலாம். கூட்டுத்தொகை 124 என்று பிரவுசர் தானே கண்டுகொள்ளும். மாணவர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகத் தரலாம்.

கண் எங்கே நிறுத்தச் சொல்கிறது

அப்படியானால் எந்த இடத்தில் சுருக்கலாம்? இந்தக் கேள்விக்கு விடை கண்ணில் இருக்கிறது.

1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று அண்ணா நகர்ப் பக்கம் போனால் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்து வரிசையில் நிற்கும் முதியவர்களைப் பார்க்கலாம். அவர்கள் முதலில் எதிர்கொள்வது எழுத்து அட்டை. ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் வடிவமைத்த அந்த அட்டையின் அளவுகளும் சார்பு அளவுகள்தாம். 6 மீட்டர் தொலைவில் நிற்கும் நல்ல கண்ணுக்கு ஓர் எழுத்து 5 கலைக் கோணத்தில் தெரிய வேண்டும், அந்த எழுத்தின் ஒரு கோடு 1 கலை. கலை என்பது ஒரு பாகையில் 60இல் ஒன்று.

பிக்சல் உறுதியான அளவு, எம் மட்டுமே சார்பு அளவு என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சி.எஸ்.எஸ். தரநிலை பிக்சலையும் கோணமாகவே வரையறுக்கிறது: 28 அங்குலக் கை நீளத்தில் பிடித்த, அங்குலத்துக்கு 96 புள்ளிகள் உள்ள திரையில் ஒரு புள்ளி கண்ணில் எழுப்பும் கோணம். அது 0.0213 பாகை. கலையில் சொன்னால் சுமார் 1.28. நல்ல கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோட்டைவிடச் சற்றே பெரியது. கைபேசியைக் கண்ணுக்கு அருகில் பிடிக்கிறோம், ஆகவே அதன் பிக்சல் சிறிதாக இருக்கலாம்; சுவரில் தொங்கும் திரையின் பிக்சல் பெரிதாக இருக்கலாம். கண்ணுக்குள் விழும் கோணம் ஒன்றே.

கோட்டைப் பிரித்தறிவதில் கண்ணின் எல்லை ஒரு கலை என்றாலும், இரண்டு கோடுகள் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று பார்ப்பதில் அது பல மடங்கு கூர்மையானது. வெர்னியர் அளவுகோலைப் படிக்கும் திறன் அது. கலையில் அறுபதில் ஒன்று விகலை. சில விகலை விலகலையே கண் கண்டுபிடித்துவிடும். பொத்தானும் பக்கத்துப் பெட்டியும் ஒரு பிக்சல் ஏறி இறங்கி நின்றால், எதுவென்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று படுவது இதனால்தான். ஒரு பிக்சல் 77 விகலை. அதையே 64 கூறாக்கினால் 1.2 விகலை, கண்ணின் அந்தக் கூர்மையையும் தாண்டிய நுணுக்கம். பிரவுசர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பார்வை குறைந்தவர் பிரவுசரின் அமைப்பில் போய் எழுத்தளவை 16இலிருந்து 24 ஆக்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெம்மில் எழுதிய பக்கம் முழுவதும் ஒன்றரை மடங்காக வளர்ந்து நிற்கும். எழுத்தைப் பிக்சலில் பூட்டிய பக்கம் அவருடைய விருப்பத்தைக் காதில் வாங்காது. மின்கட்டணம், ரேஷன், பட்டா என்று எல்லாம் திரைக்கு வந்துவிட்ட காலத்தில் எழுத்தைப் பிக்சலில் எழுதுவதை வெறும் பழக்கமாக என்னால் பார்க்க முடியவில்லை. தமிழ்ப் பக்கத்துக்கு வரி உயரமும் 1.43 போதாது, கொம்பும் விசிறியும் மேலும் கீழும் நீளும் நம் எழுத்துக்கு 1.6க்குக் குறையாமல் வைக்க வேண்டும், அதையும் அலகில்லாத எண்ணாக எழுத வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் தன் எழுத்தளவால் அதைப் பெருக்கிக்கொள்ளும்.

அந்த முதியவர்களில் பலருக்குக் கண்புரை நீக்கிச் செயற்கை லென்ஸ் வைக்கப்படும். 1992இல் மதுரையில் தொடங்கிய அரோலேப் அந்த லென்ஸ்களை இங்கேயே தயாரித்து விலையைக் கீழே கொண்டுவந்தது. லென்ஸின் திறன் டயாப்டரில், பொதுவாக அரை அரையாக ஏறும்: 20, 20.5, 21. யாருக்கு எது என்று கணக்கிட 1980களில் பரவலான ஒரு சூத்திரம் எளிமையானது: லென்ஸ் வகைக்குரிய மாறிலியிலிருந்து, கண்ணின் நீளத்தை 2.5ஆல் பெருக்கியும் கருவிழி வளைவின் திறனை 0.9ஆல் பெருக்கியும் கழிக்க வேண்டும். இன்றைய சூத்திரங்கள் இதைவிட நுட்பமானவை, ஆனால் எண்களின் நடத்தை இதில் தெளிவாகத் தெரியும்.

மாறிலி 118, கண்ணின் நீளம் 23.2 மில்லிமீட்டர், கருவிழி 44.3 டயாப்டர் என்று கொள்வோம். 118இலிருந்து 58ஐயும் 39.87ஐயும் கழித்தால் 20.13. அலமாரியில் 20.13 கிடையாது, 20.0 எடுப்பார்கள். அரையில் சுருக்குவது இங்கே, கடைசியில், லென்ஸ் பெட்டியை எடுக்கும் கையில் நடக்கிறது. அதற்கு மாறாக அளவுகளை முதலிலேயே 23, 44 என்று முழுமைப்படுத்திவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் 118இலிருந்து 57.5உம் 39.6உம் போய் 20.9 வரும், கை 21.0 பெட்டிக்குப் போகும். ஒரு முழு டயாப்டர் கூடுதல். அந்தக் கண்ணுக்குக் கைக்கெட்டும் தூரம் தெளிவாக இருக்கும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்.